கிணத்துக்கடவுப் பாசிமணி

“மெர்சியக்கா, எங்க அத்தாவப் போலீஸ் புடிச்சுட்டுப் போயிருமாங்க்கா?”

போனின் மறுமுனையில் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. அதற்குப் பின்னால், போத்தனூர் ஜங்ஷனைத் தாண்டிப் போகும் ஏதோ ஒரு கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் தடதடத்துக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, அந்த வண்டி போய் முடியட்டும் என்று காத்திருந்தாள் ஹுமேரா.

“யாரு, ஹுமேராவா? என்ன அம்மணி இந்நேரத்துல? ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லையா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கக்கா. தூங்கறாங்க. நாளைக்குக் காலைல வரைக்கும் நல்லா இருப்பாங்க.”

“லூசாட்டப் பேசாத. என்னன்னு ஒழுங்காச் சொல்லு.”

சொல்லத்தான் கூப்பிட்டாள். சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அடுப்படி வரைக்கும் போனாள். நாளைக்கு வரப்போகிற ஆபீசருக்காக அம்மா இடியாப்பத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அத்தாவிடம் சொல்லலாம் என்று முற்றத்துக்குப் போனாள். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கிணற்றின் மேல் போட்டிருக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தனை சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் எதைப் போய்ச் சொல்வது? மிச்சமிருந்தது மெர்சி ஒருத்திதான்.

கோட்டைமேட்டுச் சந்துக்குள் இருக்கும் அந்த வீடு, ஹுமேரா அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பா முஸ்தபாவுக்கும் அவருடைய அண்ணன் கரீமுக்கும் பொதுச் சொத்து. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் கரீம் பெரியத்தாவுக்கு அது ஒரு தலைவலி. ஓடு ஒழுகுகிறது, உத்திரத்தில் கரையான் ஏறுகிறது, இடித்துவிட்டுக் கடைகள் கட்ட பில்டர் ஒருவர் தயாராக நிற்கிறார். முஸ்தபாதான் மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். மாட்டேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, அந்த வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது.

அப்போது வந்து சேர்ந்தவள்தான் மெர்சி. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளுக்கு உள் அலங்காரம் செய்கிற நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து, எல்லா ஆபீசிலும் அதே சாம்பல் சுவரும் அதே பிளாஸ்டிக் செடியும் வைத்து வைத்து வெறுத்துப்போய், தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். ஒரு விளக்குக்குப் பாலிஷ் போட முஸ்தபாவின் பட்டறையைத் தேடி வந்தவள் வீட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். “பாய், இத இடிக்க எப்படிங்க மனசு வரும்? கெஸ்ட் ஹவுஸ் ஆக்கிப்போடலாமுங்க” என்றாள். பெரியத்தாவும் கடைசியில் இறங்கி வந்தார். “ரம்ஜான் வரைக்கும் நடத்திப் பாரு. ஆள் வந்தாச் செரி. வரலைன்னா மறுபேச்சுப் பேசாமக் கையெழுத்துப் போட்டுரோணும்” என்றார்.

மெர்சியின் யோசனை இதுதான்: ஊர் எத்தனை காலத்தைப் பார்த்திருக்கிறதோ, வீட்டுக்குள்ளும் அத்தனையும் தெரிய வேண்டும். தெருவைப் பார்த்த அறை மில் அறை. நூல் சுற்றும் பாபின் கட்டைகளை அடுக்கி அதில் விளக்குத் தண்டு செய்தாள். நடு அறை கோட்டை அறை; செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து, விரல் தடம் தெரியத் தெரியச் சுவரில் பூசினாள். கிணற்றைப் பார்த்த கடைசி அறை பாசிமணி அறை. கொங்கு நாட்டு மண்ணில் ரோமாபுரிக் காசு கிடைத்ததும், கொடுமணலில் கல்லைத் தேய்த்து மணி செய்து கடல் தாண்டி அனுப்பியதும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நினைத்து, அந்த அறை வாசலுக்குச் சரம் சரமாக ஒரு மணித்திரை. சுட்ட மண்ணில் செய்த சிவப்பு மணிகளைக் கிணத்துக்கடவில் பொன்னாத்தாள் என்கிற அம்மாவின் சூளையிலிருந்து மெர்சியும் ஹுமேராவும் பஸ்ஸில் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இடையிடையே கோக்கப் பித்தளை மணிகள். அவற்றுக்குப் பாலிஷ் போட்டவர் முஸ்தபா.

அவருடைய தொழிலே அதுதான். ராஜ வீதி நகைக்கடைகளுக்கு ‘ஆன்டிக்’ பாலிஷ் போட்டுக் கொடுப்பவர். நேற்றுச் செய்த நகைக்குக் கருமை ஏற்றி, மேடான இடங்களை மட்டும் தேய்த்துவிட்டால், நாலு தலைமுறை கழுத்தில் கிடந்த மாதிரி ஆகிவிடும். கோயம்புத்தூரில் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும், ஆன்டிக் என்றால் பழசு இல்லை, பழசு மாதிரி. ஒவ்வொரு அறைக்கும் பெயரட்டை எழுதியது ஹுமேரா. பதினொன்றாம் வகுப்பில் அவள் கையெழுத்துதான் அழகு.

“மணித்திரைக்கு என்னங்கத்தா எழுதட்டும்?”

“ஆன்டிக்னு போடு கண்ணு. நம்ம வேலைன்னு தெரியட்டும்.”

தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதித் தொங்கவிட்டாள். மெர்சி பார்த்தாள், அம்மா பார்த்தாள். யார் கண்ணுக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

முதலில் வந்து தங்கியது சென்னையிலிருந்து மதிவதனி. ஊர் ஊராகப் போய் இன்ஸ்டாகிராமில் எழுதுகிறவள். மணித்திரையை வருடிப் பார்த்தாள், அட்டையைப் படித்தாள், காலடியில் கண்ணாடிக்குக் கீழே இருண்டு கிடந்த கிணற்றைப் பார்த்தாள்.

“இதெல்லாம் எங்கேர்ந்து கெடச்சுதும்மா?”

“கெணத்துக்கடவுல இருந்துங்க.”

அடுப்படியில் அம்மா மிக்ஸி ஓடவிட்டிருந்தாள். மதிவதனியின் கண்கள் விரிந்தன.

“கெணத்துக்கு அடியிலேர்ந்தா!”

அந்த ஒரு நொடியில் ஹுமேராவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இல்லைங்க, அது ஊர்ப் பேருங்க என்று சொல்ல வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் மதிவதனி அதற்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, போனில் டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அப்படியொரு சந்தோஷத்தை அந்த வீட்டைப் பார்த்து வேறு யாரும் அடைந்து ஹுமேரா கண்டதில்லை. பெரியத்தா உட்பட வந்தவர்களெல்லாம் ஒழுகுகிற ஓட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள். திறந்த வாயிலிருந்து வெளியே வந்தது ஒரு “ம்” மட்டும்தான்.

மதிவதனி ஊருக்குப் போய் இங்கிலீஷில் நீளமாக எழுதினாள். பழைய சந்து, வீட்டுக் கிணறு, அதன் அடியிலிருந்து எடுத்த இரண்டாயிரம் வருஷத்து மணிகள், அவற்றைத் திரையாகக் கோத்துத் தொங்கவிட்ட ஒரு குடும்பம். ‘அந்த வீட்டுப் பெண்ணே என்னிடம் சொன்னாள்’ என்று ஒரு வரி வேறு. அந்த வரியைப் படித்ததிலிருந்து ஹுமேராவுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டிலோ போன் ஓயவில்லை. இங்கிலீஷில் எழுதியதை முஸ்தபா படிக்கவில்லை; கூப்பிடுகிறவர்கள் கிணற்றையும் மணியையும் பற்றி விசாரித்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். “ஆமாங்க, நம்ம கெணறுதானுங்க. மணியா? எல்லாம் சுத்தமான ஆன்டிக்குங்க!” என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி, இருந்த தீயில் தன் பங்குக்கு எண்ணெயும் ஊற்றினார். இன்று மத்தியானம் தொல்லியல் அலுவலகத்திலிருந்து ரவிக்குமார் என்று ஒருவர் கூப்பிட்டு, காலையில் வந்து பார்க்க வேண்டும் என்றபோதும் அதே பதில்தான். போனை வைத்ததும் அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “சாஜிதா, கவர்மென்ட்ல இருந்தே நம்ம மணியப் பாக்க வாராங்களாமா!”

இத்தனையையும் ஹுமேரா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். போனில் விக்குவது போல ஒரு ஒலி. அக்கா அழுகிறாள் என்று நினைத்து ஹுமேராவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மெர்சி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“கெணத்துக்கடவு... கெணத்துக்கடியில... அடக் கடவுளே!”

“சிரிக்காதீங்கக்கா. காலைல ஆபீசரு வந்து நின்னுருவாரு.”

சிரிப்பு சட்டென்று நின்றது. “ஏ அம்மணி, அந்த அட்டைக்குக் கீழ எம்பேரும் இருக்குதல்ல?”

“ஆமாங்க்கா. ‘வடிவமைப்பு மெர்சி’ன்னு. நாந்தான் பெருசா எழுதுனேன்.”

“எதுக்கு அத்தனை பெருசா எழுதுன?”

கீழே சந்தில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

“பேசாம அந்தத் திரையக் கழட்டி ஒளிச்சுப்போட்டா?” என்றாள் மெர்சி, குரலைத் தாழ்த்தி.

“ஸ்டூல் போட்டு ஏறியே போயிட்டேங்க்கா. ஆனா போட்டோ ஊரெல்லாம் சுத்திட்டு இருக்குது. நாளைக்கு வந்து பாக்கறப்ப மணி அங்க இல்லைன்னா, நெசமாவே புதையலப் பதுக்கிப்போட்டோம்னு ஆயிருமில்லைங்க்கா?”

“ஆயிரும். அப்ப நெசத்தச் சொல்லிர வேண்டியதுதான்.”

“நெசத்தச் சொன்னா புக் பண்ணுனவங்க அத்தனை பேரும் கேன்சல் பண்ணிருவாங்க. அவங்கெல்லாம் கெணத்துக்காக வாரவங்க. அப்பறம் பெரியத்தா கையெழுத்துப் போடுன்னு வந்து நிப்பாரு. பொய்யச் சொன்னா புதையல மறைச்ச கேசுல அத்தா போயிருவாரு. நெசத்தச் சொன்னா ஊடு போயிரும். நான் என்னங்க்கா பண்ணட்டும்?”

மெர்சி பெரிதாக ஏதாவது வழி சொல்வாள் என்று ஹுமேரா காதைப் போனோடு அழுத்திக்கொண்டாள்.

“எனக்குந் தெரியல அம்மணி” என்றாள் மெர்சி. “இதுதான் நாந் தனியாச் செஞ்ச மொத வேலை. ஆனா நீ ஒத்தையா நின்னு சொல்ல வேண்டாம். மொத பஸ்ஸப் புடிச்சு வாரேன். ரெண்டு பேருமாச் சேந்து திட்டு வாங்கிக்கலாம்.”

வழி ஒன்றும் பிறக்கவில்லை. ஆனாலும் கீழே இறங்கிப் போய்ப் படுத்ததும் ஹுமேராவுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

விடிந்ததும் மெர்சி வந்தாள், தலைகூடச் சரியாக வாராமல். முஸ்தபா அதற்குள் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முற்றத்தில் உலாத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவர் முன்னால் போய் நின்றார்கள். மெர்சி தொண்டையைக் கனைத்தாள். ஆனால் பேசியது ஹுமேராதான். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மிக்ஸி சத்தம், டார்ச் வெளிச்சம், அந்த “ம்”, இங்கிலீஷில் எழுதியிருந்த வரி, ராத்திரி மாடியிலிருந்து பேசிய போன், எல்லாம் வந்துவிட்டது.

முஸ்தபா மகள் பக்கம் குனிந்தார்.

“எத்தனை வருசம்னு எழுதியிருக்குது?”

“ரெண்டாயிரமுங்கத்தா.”

“நல்லாப் படிச்சியா? இருநூறா ரெண்டாயிரமா?”

“ரெண்டாயிரந்தானுங்க.”

முஸ்தபா கிணற்றோரமாக மெதுவாக உட்கார்ந்தார். கையில் இடியாப்பத் தட்டோடு வந்து நின்ற மனைவியை நிமிர்ந்து பார்த்தார். “கேட்டியா சாஜிதா? ராஜ வீதில இத்தனை வருசமாக் குப்பை கொட்டறேன். நம்ம பாலிஷ எவனும் நூறு வருசத்துக்கு மேல மதிச்சதில்ல. ரெண்டாயிரம்! மெட்ராஸ்காரி, நாலு ஊரு பாத்தவ, ரெண்டாயிரம்னு சொல்லிட்டாளே!”

“சந்தோசப்படுங்க, நல்லாச் சந்தோசப்படுங்க” என்றாள் சாஜிதா பேகம். “உள்ள தூக்கி வெச்சா, ஜெயில் கம்பிக்கும் ஆன்டிக் போட்டுக் குடுத்துட்டு வரலாம்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தர் வாசனைக்கு நடுவே வியர்க்கத் தொடங்கினார். “ஏங்கண்ணு, இத அன்னைக்கே சொல்லிப்போட்டிருந்தா?”

“அந்தக்கா அத்தனை சந்தோசமா இருந்தாங்கத்தா. அப்பறம் போன் வர ஆரம்பிச்சுது. நீங்களும் சந்தோசமா இருந்தீங்க.”

“நாஞ் சந்தோசமா இருக்கோணும்னு நீ ஒத்தையா மாடில உக்காந்து நடுங்குவியா?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதற்குத்தான் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை, சந்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

ரவிக்குமாருக்கு முப்பது வயதுதான் இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அந்த டிராஃபிக்கில் வந்து சேர்ந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் முஸ்தபா பேசத் தொடங்கிவிட்டார். கிணறு, பாலிஷ், ராஜ வீதி, மெட்ராஸ்காரி, தான் ஒரு பாவமும் அறியாதவன் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொட்டினார். கேட்கக் கேட்க ரவிக்குமாரின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

“இருங்க பாய், இருங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த மணிய எங்கிருந்து எடுத்தீங்க?”

முஸ்தபா மறுபடியும் ராஜ வீதியிலிருந்து தொடங்கினார்.

“கெணத்துக்கடவுல இருந்துங்க சார்” என்றாள் ஹுமேரா. ஒவ்வொரு எழுத்தையும் கல்லை எடுத்து வைப்பது போல வைத்துச் சொன்னாள்.

ரவிக்குமார் திரும்பிப் பார்த்தார். “பொள்ளாச்சி ரோட்டுக் கெணத்துக்கடவா?”

“ஆமாங்க சார். அங்க பொன்னாத்தாக்கா சூளைல வாங்குனது. வந்தவங்க கெணத்துக்கடியிலன்னு கேட்டுட்டாங்க. நாந் திருத்தலைங்க. அத்தா மேலயும் மெர்சியக்கா மேலயும் ஒரு தப்பும் இல்ல. எழுதறதுன்னா எம்பேர எழுதிக்கங்க.”

ரவிக்குமார் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். “கெணத்துக்கடவுல. கெணத்துக்கடியில.” உதட்டோரம் துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஹெல்மெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மெர்சிக்கும் தொற்றிக்கொண்டது. சாஜிதா பேகம் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிற ஆபீசரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிரிச்சுட்டேன்னு அப்படியே விட்டுட்டுப் போக முடியாதுங்க” என்றார் அவர், சமாளித்துக்கொண்டு. “ஊரெல்லாம் படிச்சுப்போட்டாங்க. நாலு பேரு எங்க ஆபீசுக்கே போன் பண்ணிக் கேட்டுட்டாங்க. விசாரிச்சேன், புதுசுதான்னு நான் எழுதி வெக்கோணும். வாய்ப்பேச்ச வெச்சு எழுத முடியாதில்லைங்களா?”

மெர்சி உடனே பொன்னாத்தாளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

“என்ற மணியா? ரெண்டாயிரம் வருசமா? ஏனுங்க சாமி, போன மாசி மாசந்தானுங்க சூளை வெச்சேன்! மழ வந்து பாதி வெடிச்சுப் போச்சுன்னு அந்தப் புள்ளைககிட்ட அழுதனே, கேட்டுப் பாருங்க!”

மண் மணிக்கு அது போதும். பித்தளை மணிக்கு முஸ்தபா பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடையிலிருந்து வந்தபடியே பளபளத்துக்கொண்டிருந்த ஒரு மணியை எடுத்து ரவிக்குமாரின் உள்ளங்கையில் வைத்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார். இடுக்கியால் பிடித்தார். மருந்தில் முக்கினார், மணி கரியாகக் கறுத்தது. பிரஷ்ஷால் மேட்டை மட்டும் தேய்த்தார். பள்ளத்தில் இருட்டு தங்கியது, மேட்டில் மங்கலாக ஒரு மஞ்சள் எழுந்தது. துணியில் ஒற்றி மறுபடியும் அதே கையில் வைத்தார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் யாரோ மண்ணைத் தோண்டி எடுத்த மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ரவிக்குமார் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டார்; மெர்சியும் எடுத்தாள். இடியாப்பம் சாப்பிட்டார், இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். கிளம்பும்போது, “அட்டைய மாத்திருங்க. அந்த மெட்ராஸ் அம்மாகிட்டயும் சொல்லிருங்க. நாஞ் சொல்றதவிட நீங்களே சொன்னா நல்லாருக்கும்” என்றார். ஹெல்மெட்டை மாட்டியவர் மறுபடியும் கழற்றினார். “அப்பறம் பாய், ஊட்டுக்காரிக்கு ஒரு ஜோடி வளையல் இருக்குது. ரொம்பப் பளிச்சுனு இருக்குதுன்னு போட மாட்டேங்கறா...”

“கொண்டாங்க, ரோமாபுரிக் காலத்துக்கே அனுப்பிப்போடலாம்” என்றார் முஸ்தபா.

போலீஸ் பயம் போய்விட்டது. வீட்டைப் பற்றிய பயம் மிச்சமிருந்தது.

பழைய அட்டையைக் கழற்றியபோது முஸ்தபாவுக்குத்தான் மனசே இல்லை. ஹுமேரா புதிதாக எழுதினாள்: ‘இந்த மணிகள் புதியவை. மண் மணிகளைச் சுட்டவர் கிணத்துக்கடவு பொன்னாத்தாள். பித்தளை மணிகளைப் பழசாக்கியவர் இந்த வீட்டு முஸ்தபா. கொடுமணலில் இருந்தவர்கள் வாசலில் இப்படித் தொங்கவிட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.’ கீழே மெர்சியின் பெயரைச் சின்னதாகத்தான் எழுதினாள். “இப்பப் பெருசாவே எழுது” என்றாள் மெர்சி.

மதிவதனிக்கு அந்த வீடியோவோடு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு, ஹுமேரா போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மதிவதனியே கூப்பிட்டாள்.

“நான் ஊர் பேர்னு யோசிக்கவே இல்ல பாரு. கெணறு முன்னாடியே இருந்துச்சா, அதுலயே விழுந்துட்டேன்” என்றவள், கொஞ்சம் நிறுத்தி, “ஆனா நீ ‘ம்’னு சொன்னியே ஹுமேரா. அதுதான் ஒரு மாதிரி இருக்கு” என்றாள்.

“எனக்கும் அதுதானுங்க்கா. மன்னிச்சுக்கங்க.”

“சரி. நான் எழுதுனதை நானே திருத்தறேன். என் மானம் போகட்டும்.”

அன்று ராத்திரியே திருத்தி எழுதினாள். மணி சூளையில் வெந்த கதை, பித்தளை வயசான வீடியோ, தன் காது செய்த வேலை, எல்லாவற்றையும். கீழே ஊர்க்காரர்கள் வந்து கும்மியடித்தார்கள். ‘நல்லவேளை, அந்தப் பொண்ணு கவுண்டம்பாளையத்துல வாங்குனேன்னு சொல்லல, கவுண்டரு ஊட்டுப் புதையல்னு எழுதியிருப்பாங்க’ என்று ஒருவர். ‘எங்க ஊர்ல எல்லாமே ரெண்டாயிரம் வருசப் பழசுதாங்க, பஸ் ஸ்டாண்டு உட்பட’ என்று கிணத்துக்கடவுக்காரர் ஒருவர்.

ஹுமேரா பயந்தது நடக்கவும் நடந்தது. புக் பண்ணியவர்களில் பாதிக்கு மேல் ரத்து செய்தார்கள். ஒவ்வொரு முறை போன் ‘டிங்’ என்றபோதும் அவள் புக்கிங் நோட்டில் ஒரு பெயரை அடித்தாள். மிச்சமிருந்தவர்களில் ஒரு அம்மா, மணியில் பாலிஷ் போடப் பிள்ளைகளையும் விடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். விடுவோம் என்றார் முஸ்தபா, யோசிக்காமல். இரண்டு நாளில் அதே கேள்வியைக் கேட்டு வேறு சிலர் கூப்பிட்டார்கள். பெரியத்தா வைத்த ரம்ஜான் கெடுவுக்கு அது போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் திருப்பூரிலிருந்து போன் வந்தது. அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். திரையில் பெரியத்தா பெயரைப் பார்த்ததும் அடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று ஹுமேராவுக்குத் தோன்றியது. எடுத்தாள்.

“உங்கத்தன எங்க? கெணத்துல புதையலு எடுத்தானாமா? பனியன் கட்டிங் பண்றவன் வந்து எங்கிட்டச் சொல்றான்! பொதுக் கெணறு, எனக்குப் பாதி இல்லையா? கூடப் பொறந்தவங்கிட்டயே மறைச்சுப்போட்டானே!”

ஒரு “ம்” சொன்னால்கூடப் போதும். பாதிப் புதையலுக்கு ஆசைப்பட்டாவது பெரியத்தா வீட்டை இடிக்க விடமாட்டார். அந்த எண்ணம் மின்னல் மாதிரி வந்தது. வந்ததை ஹுமேராவும் பார்த்தாள்.

“புதையலெல்லாம் ஒண்ணும் இல்லைங்க பெரியத்தா. அது கெணத்துக்கடவுல வாங்குன மணிங்க. நாஞ் சொன்னத அவங்க தப்பாக் கேட்டுட்டாங்க. இப்ப எல்லார்த்துக்கும் நெசத்தச் சொல்லியாச்சு. பாதிப் பேரு கேன்சல் பண்ணிட்டாங்க.”

தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் பெரியத்தா குரலை உயர்த்தினார்.

“மீதிப் பாதி?”

“வாராங்க. அத்தா பாலிஷ் போடறதப் பாக்க.”

“அவன் பாலிஷ் போடறதப் பாக்கக் காசு குடுத்து வாராங்களா?” பெரியத்தாவுக்கு நம்பவே முடியவில்லை. “ஊட்டுக்குள்ள அந்த மருந்து நாத்தம் தாங்காமத்தான நாந் திருப்பூருக்கே வந்தேன்!”

ஹுமேராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“செரி, ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுத்தான் அந்த பில்டர் பையனுக்குப் பதில் சொல்றது. ஓசியில வேண்டாம், காசு குடுத்துத்தான் தங்குவேன். நான் பொறந்தது எந்த ரூம்னு உங்கத்தனுக்குத் தெரியும், அத எனக்குப் போட்டு வை.”

“அம்மாகிட்டக் கேட்டு நானே சொல்றேனுங்க.” அடுப்படியைப் பார்த்துக் கத்திக் கேட்டாள், பதிலும் கத்தலாகவே வந்தது. “அது இப்பக் கோட்டை ரூமுங்க பெரியத்தா.”

“கோட்டையா! நான் பொறந்தப்ப மொளகாய் மூட்டை அடுக்கி வெச்சிருந்த ரூமு அது. பொறந்ததும் நான் அழுவல, தும்முனேன்னு எங்கம்மா சொல்லுவா.”

“அதையும் அந்த ரூம் அட்டைல எழுதிரட்டுங்களா?”

பெரியத்தா யோசித்தார். “எழுதிக்க. வருசத்தப் போட்டுறாத. எனக்கு அம்பதுக்கு மேல இருக்காதுன்னு இங்க எல்லாரும் நெனச்சுட்டு இருக்காங்க.”

“வருசம் கேட்டா நான் ஒரு ‘ம்’கூடச் சொல்ல மாட்டேனுங்க பெரியத்தா” என்று சொல்லிவிட்டு, புக்கிங் நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கோட்டை அறைக்கு நேரே அவர் பெயரைப் போட்டாள்.